வேறு இனத்தில் பிறந்த மகள் வேரைத் தேடும்போது பெற்றோர் எங்கே நிற்பது?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். எட்டு மாதக் குழந்தையாக வேறொரு நாட்டிலிருந்து நீங்கள் தத்தெடுத்த மகளுக்கு இப்போது 19 வயது. நிறத்திலும் முகச்சாயலிலும் அவள் உங்கள் குடும்பத்தில் யாரையும் போல் இல்லை. தத்தெடுத்ததை நீங்கள் மறைக்கவில்லை. ஆனால் இனம், நிறம் என்ற பேச்சையே வீட்டுக்குள் விடாமல், "எங்கள் பிள்ளை" என்று மட்டுமே சொல்லி வளர்த்தீர்கள். வீட்டைவிட்டுக் கல்லூரி விடுதிக்குப் போன ஓராண்டுக்குள் அவள் பிறந்த நாட்டின் மொழியைக் கற்கத் தொடங்கியிருக்கிறாள், தத்தெடுப்பு ஆவணங்களைக் கேட்கிறாள், மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளப் போவதாகச் சொல்கிறாள், அந்த நாட்டுக்குப் போய்வரப் பணமும் சேர்க்கிறாள். "அவளுடைய உண்மையான பண்பாடு எது, எங்களுடையதா, அவள் பிறந்த நாட்டினுடையதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பயணத்தில் நீங்களும் உடன் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதம் முழுவதையும் படிக்கும்போது நீங்கள் எழுதாமல் விட்ட கேள்விதான் உரக்கக் கேட்கிறது: எங்கள் அன்பு போதாமல் போய்விட்டதா? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் என் தகுதியையும் அதன் எல்லையையும் சொல்லிவிடுவது முறை. தத்தெடுத்த குடும்பங்களுக்கும், தத்துப்பிள்ளைகளாக வளர்ந்து பெரியவர்களானவர்களுக்கும் உளவியல் ஆலோசகராக இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றி வருகிறேன். என்னிடம் வருபவர்கள் ஏதோ ஒரு வலியோடு வருகிறார்கள்; வலி இல்லாதவர்களுக்கு என்னிடம் வர வேண்டிய தேவை இல்லை. ஆகவே நான் கண்டதை எல்லாருக்கும் பொருந்தும் சித்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வு சொல்வது எது, என் அனுபவம் சொல்வது எது என்று முடிந்தவரை பிரித்தே எழுதுகிறேன். உங்கள் மகளை நான் சந்தித்ததில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது: வேரைத் தேடுவது வளர்ப்பின் குறையைக் காட்டும் அறிகுறி அல்ல. பெற்றோரோடு நெருக்கமாக இருக்கும் பிள்ளைகளும் தேடுகிறார்கள், நெருக்கமில்லாதவர்களும் தேடுகிறார்கள். தேடாமலே நிறைவாக வாழ்பவர்களும் உண்டு. தத்தெடுப்பைக் குழந்தை புரிந்துகொள்வது படிப்படியாக நடக்கிறது. நான்கு வயதில் "நீ எங்கள் வயிற்றில் பிறக்கவில்லை, மனத்தில் பிறந்தாய்" என்ற கதையைக் குழந்தை மகிழ்ச்சியோடு கேட்கும். ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு வயதுக்குள், தன்னை ஒரு வீடு ஏற்றுக்கொண்டது என்றால் அதற்கு முன் இன்னொரு வீடு தன்னை விட்டிருக்கிறது என்ற கணக்கு அதற்கு விளங்கிவிடுகிறது. அந்த வயதில் பல குழந்தைகள் திடீரென்று மௌனமாவதைப் பெற்றோர் கவனித்திருப்பார்கள். ஆனால் காரணத்தைப் பள்ளியில் தேடுவார்கள். பதின்ம வயதின் இறுதியில் "நான் யார்?" என்ற கேள்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது. மற்றப் பிள்ளைகள் அதற்கு விடை தேடும்போது அம்மாவின் மூக்கு, தாத்தாவின் கோபம், அத்தையின் குரல் என்று கைக்கெட்டும் தூரத்தில் ஏராளம் கிடக்கிறது. அவர்கள் தேடுவதே நமக்குத் தெரியாத அளவுக்கு அது இயல்பாக நடந்துவிடுகிறது. உங்கள் மகளுக்கு அதே வேலையைச் செய்ய ஆவணமும் விமானச்சீட்டும் தேவைப்படுகின்றன. அதனால் அது பெரிதாகத் தெரிகிறது.

ஏன் வீட்டைவிட்டுப் போனதும் இது வந்தது என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. ரிச்சர்ட் லீ என்ற அமெரிக்க உளவியலாளர் 2003ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் இதை இனம் கடந்த தத்தெடுப்பின் முரண் என்று பெயரிட்டு விவரித்தார். இனச் சிறுபான்மையைச் சேர்ந்த பிள்ளை, பெரும்பான்மை இனப் பெற்றோரின் வீட்டில் வளரும்போது, அந்தப் பெற்றோரின் பெயரும் மதிப்பும் அதற்கும் குடையாகின்றன. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழையும் பிள்ளையை எந்தக் காவலாளியும் பின்தொடர்வதில்லை. அதே பிள்ளை பதினெட்டு வயதில் தனியாக நுழையும்போது கடையில் உள்ளவர்களுக்கு அதன் குடும்பப் பெயர் தெரியாது. முகம் மட்டுமே தெரியும். உள்ளுக்குள் பெரும்பான்மையினராகவே தன்னை உணரும் ஒருவர், வெளியே சிறுபான்மையினராக நடத்தப்படுகிறார். வந்தேறிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இது நேர்கிறது. ஆனால் அவர்கள் மாலையில் வீட்டுக்குப் போனால், அதே அனுபவத்தைத் தாங்கிப் பழகிய தாயோ அண்ணனோ அங்கே இருப்பார்கள். என்னிடம் வந்த ஓர் இளைஞர் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது: "நான் கண்ணாடியைப் பார்க்காதவரை என் பெற்றோரைப் போலவே இருந்தேன்." அவர் பெற்றோரை மிகவும் நேசித்தவர்.

இங்கே, நிறம் பார்க்காமல் வளர்த்தோம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதை நீங்கள் நல்லெண்ணத்தில்தான் செய்தீர்கள். ஒரு காலத்தில் பல தத்தெடுப்பு முகமைகள் கொடுத்த அறிவுரையும் அதுவே. ஆனால் வேறுபாட்டை மறுப்பதைவிட அதை ஒப்புக்கொள்வதே தத்தெடுத்த குடும்பத்துக்கு நல்லது என்ற கருத்து புதியதல்ல. சமூகவியலாளரும் தாமே பிள்ளைகளைத் தத்தெடுத்தவருமான டேவிட் கிர்க் 1964ஆம் ஆண்டிலேயே அதை எழுதினார். பிந்தைய ஆய்வாளர்கள் அதற்கு நுணுக்கம் சேர்த்தார்கள்: எதற்கெடுத்தாலும் தத்தெடுப்பையே காரணம் காட்டும் குடும்பமும், அதைப் பற்றி வாயே திறக்காத குடும்பத்தைப் போலவே பிள்ளைக்குச் சுமையாகிறது. வீட்டில் ஒரு பொருளைப் பற்றி யாருமே பேசாதபோது, அது முக்கியமில்லாதது என்று குழந்தை எடுத்துக்கொள்வதில்லை. அது பேசக்கூடாதது என்று எடுத்துக்கொள்கிறது. பள்ளியில் யாரோ கண்ணை இழுத்துக்காட்டிக் கேலி செய்த நாளில், அதை வீட்டில் சொன்னால் அம்மா வருத்தப்படுவாள் என்று அது மறைத்துவிடுகிறது. உங்கள் மகளுக்கு அப்படி நடந்ததா என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் என்னிடம் வந்த வளர்ந்த தத்துப்பிள்ளைகளில் பெரும்பாலோர், தாங்கள் பட்ட இனக்கேலியின் முதல் சம்பவத்தைப் பெற்றோரிடம் சொன்னதே இல்லை.

ஒரு குழந்தையை இனம் மாற்றி வளர்ப்பது சரியா என்ற விவாதம் உங்கள் வீட்டில் பிறந்ததல்ல, அதற்கு நீண்ட வரலாறு உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மகள் இதைப் படிக்கத் தொடங்கியிருப்பாள். கொரியப் போருக்குப் பிறகு, 1955ஆம் ஆண்டில் ஓரிகன் மாநிலத்து ஹோல்ட் தம்பதியர் எட்டுக் கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்ததிலிருந்து நாடு கடந்த தத்தெடுப்பு பெரும் இயக்கமாக வளர்ந்தது. அமெரிக்காவுக்குள்ளேயே, கருப்பினச் சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம் 1972ஆம் ஆண்டில், கருப்பினக் குழந்தைகளை வெள்ளையர் வீடுகளில் சேர்ப்பதை வெளிப்படையாக எதிர்த்தது. நிறவெறி நிறைந்த ஒரு சமூகத்தில் வாழக் கருப்பினக் குழந்தைக்குக் கற்றுத்தர வெள்ளைப் பெற்றோரால் முடியாது என்பது அதன் வாதங்களில் ஒன்று. பூர்வகுடிக் குழந்தைகளைத் தம் சமூகத்துக்குள்ளேயே வைத்திருக்க முன்னுரிமை தரும் சட்டம் 1978ஆம் ஆண்டில் வந்தது. 2023ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. மற்றக் குழந்தைகள் விஷயத்தில் 1994, 1996ஆம் ஆண்டுச் சட்டங்கள் நேர் எதிர்த் திசையில் சென்று, இனத்தைக் காரணம் காட்டித் தத்தெடுப்பைத் தாமதப்படுத்துவதைத் தடைசெய்தன. ஒரே நாட்டில் இரண்டு நிலைப்பாடுகளும் இன்றுவரை நிற்கின்றன. இதில் ஒரு பக்கம் மட்டுமே நியாயம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

பெற்றோர் வழக்கமாக இடறும் இடம் ஒன்று உண்டு. பண்பாட்டைக் கற்பிப்பதும், பாகுபாட்டை எதிர்கொள்ளத் தயார் செய்வதும் வேறு வேறு வேலைகள். பிறந்த நாட்டின் திருவிழா, உணவு, கதைப்புத்தகம், கோடை முகாம் ஆகியவை முதல் வகை. மகிழ்ச்சியானவை, எளிதானவை, புகைப்படம் எடுக்கத் தக்கவை. "உன்னை இழிவான பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன செய்வாய், காவலர் நிறுத்தினால் எப்படிப் பேசுவாய், ஆசிரியரே கேலி செய்தால் யாரிடம் சொல்வாய்" என்ற உரையாடல் இரண்டாம் வகை. முதலாவதை ஆர்வத்தோடு செய்யும் பல குடும்பங்கள் இரண்டாவதைத் தொடுவதே இல்லை. தாங்களே அனுபவித்திராததை எப்படிக் கற்பிப்பது என்று தெரியாததும் ஒரு காரணம். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 19 வயதில் கதைப்புத்தகம் வாங்கித்தர முடியாது. ஆனால் "நாங்கள் இதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டோம், உனக்கு என்னவெல்லாம் நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது, சொல்ல விரும்பினால் கேட்கிறோம்" என்று சொல்ல முடியும். சொன்ன பிறகு கேட்கவும் வேண்டும். அவள் ஒரு சம்பவத்தைச் சொல்லும்போது "அவர்கள் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். நல்ல பெற்றோர் வாயிலிருந்துதான் அந்த வாக்கியம் அதிகம் வருகிறது. உரையாடலை அங்கேயே முடித்துவைப்பதும் அதுதான்.

இப்படி வளரும் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாக இருக்கிறார்களா என்றால், ஆம் என்பதே ஆய்வுகளின் பொதுவான பதில். தத்துப்பிள்ளைகளின் தன்மதிப்பைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2007ஆம் ஆண்டின் டச்சு ஆய்வு ஒன்று, அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு காணவில்லை. இனம் கடந்து தத்தெடுக்கப்பட்டவர்களிடமும் காணவில்லை. அதே நேரத்தில் சுவீடனின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்ட இளைஞர்களிடம் கடும் மனநலச் சிக்கல்களும் தற்கொலை முயற்சிகளும் மற்றவர்களைவிடக் கணிசமாக அதிகம் என்று கண்டது. அப்போதும் பெரும்பாலோர் எந்தச் சிக்கலும் இல்லாமலே இருந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அந்தக் கூடுதல் இடருக்கு எது காரணம் என்பது தெளிவாகவில்லை: தத்தெடுப்புக்கு முந்தைய பட்டினியா, தாயின் கருவுற்ற காலத்துத் துன்பமா, பிறகு சந்தித்த இனப்பாகுபாடா, இவை எல்லாமா என்பதைப் பதிவேட்டிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. உங்களுக்கு இதன் நடைமுறைப் பொருள்: தேடல் தன்னளவில் கவலைக்குரியதல்ல, ஆனால் அவள் தூக்கமின்றி, உணவின்றி, படிப்பையும் நண்பர்களையும் விட்டு விலகிக்கொண்டிருந்தாலோ, வாழ்வதில் பொருளில்லை என்பதுபோலப் பேசினாலோ, அதை வேர்த்தேடல் என்று கருதிக் காத்திருக்காமல் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

இனி, உண்மையான பண்பாடு எது என்ற கேள்விக்கு வருகிறேன். பண்பாடு இரத்தத்தில் ஓடுகிறது என்று நம்புபவர்களும் இருக்கிறார்கள். எட்டு மாதக் குழந்தை வெள்ளைத் தாள், எதை எழுதினோமோ அதுவே அது என்று நம்புபவர்களும் இருக்கிறார்கள். தத்துப்பிள்ளைகளின் இழந்த மொழியைப் பற்றிய ஆய்வுகள் இரு சாராரையும் சங்கடப்படுத்துகின்றன. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளும் இவையே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிரான்சில் 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் கொரியாவிலிருந்து வந்தவர்களைச் சோதித்தது. அவர்கள் வந்தபோது கொரிய மொழியைச் சரளமாகப் பேசியவர்கள். பெரியவர்களானபின் கொரிய வாக்கியங்களைக் கேட்டபோது, அவர்கள் மூளையின் எதிர்வினை, அந்த மொழியையே கேட்டறியாத பிரெஞ்சுக்காரர்களின் மூளையிலிருந்து வேறுபடவில்லை. முதல் மொழி முற்றிலும் அழிந்துவிட்டது என்றே அப்போது தோன்றியது.

ஆனால் 2014ஆம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரியல் நகரத்து ஆய்வாளர்கள், ஏறக்குறைய ஒரு வயதில் சீனாவிலிருந்து வந்து பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகளைச் சோதித்தார்கள். சீன மொழியில் ஒரே அசை ஏறியும் இறங்கியும் ஒலிக்கும்போது பொருள் மாறும். அந்த ஒலியேற்ற இறக்கத்தைக் கேட்டபோது, இந்தச் சிறுமிகளின் மூளையில், சீனமும் பிரெஞ்சும் பேசும் சிறுமிகளின் மூளையில் இயங்கிய அதே மொழிப்பகுதி இயங்கியது. பிரெஞ்சு மட்டுமே அறிந்த மற்றவர்களிடம் அப்படி நிகழவில்லை. இத்தனைக்கும் இந்தத் தத்துச் சிறுமிகளுக்கு ஒரு சீனச் சொல்கூடத் தெரியாது. மூன்று ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தில், கொரியாவிலிருந்து கைக்குழந்தைகளாகவும் சிறு குழந்தைகளாகவும் வந்து டச்சு பேசி வளர்ந்து, ஏறக்குறைய முப்பது வயதை எட்டியவர்களுக்குக் கொரிய மெய்யெழுத்துகளின் மூவகை வேறுபாட்டைப் பயிற்றுவித்துப் பார்த்தார்கள். டச்சுக் காதுக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கும். தொடக்கத்தில் தத்துப்பிள்ளைகளும் மற்ற டச்சுக்காரர்களும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஆனால் பயிற்சி தொடங்கியதும் தத்துப்பிள்ளைகள் வேகமாக முன்னே போனார்கள். ஆறு மாதம் நிறைவதற்கு முன்பே நாட்டைவிட்டு வந்தவர்களும் அப்படியே. பேசத் தொடங்குவதற்கு முன் கேட்ட ஒலியின் ஏதோ ஒரு தடம் முப்பது ஆண்டுகள் உள்ளே கிடந்திருக்கிறது.

இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதில் கவனம் வேண்டும். இவை சிறிய குழுக்களில் செய்யப்பட்ட ஆய்வுகள். தடம் இருப்பதற்குக் காரணம் இரத்தமல்ல, காது; அந்தக் குழந்தைகள் அந்த ஒலியைக் கேட்டிருந்தார்கள். உங்கள் மகளும் எட்டு மாதம் கேட்டிருக்கிறாள். மொழி வகுப்பில் உச்சரிப்பு எளிதாக வந்தால் வியக்காதீர்கள். வராவிட்டால் அவள் மனம் தளர வேண்டியதும் இல்லை, ஏனெனில் சொற்களும் இலக்கணமும் யாருக்கும் உழைத்தே வருகின்றன. முகங்களைப் பற்றிய ஆய்வு எதிர்ப்புறத்தைக் காட்டுகிறது. கொரியாவில் பிறந்து மூன்று வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் இடையில் பிரான்சுக்கு வந்தவர்கள், பெரியவர்களானபின், கொரிய முகங்களைவிட ஐரோப்பிய முகங்களையே எளிதாக நினைவில் வைத்து அடையாளம் கண்டார்கள் என்று 2005ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று சொல்கிறது. பெல்ஜியத்தில் பின்னர் நடந்த ஓர் ஆய்வில், ஆசியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட குழந்தைகள் ஆசிய முகங்களையும் ஐரோப்பிய முகங்களையும் சமமாகவே அடையாளம் கண்டார்கள். ஆகவே இது இன்னும் முடிவான செய்தி அல்ல. ஆனால் தன் முகத்தைப் போன்ற முகங்கள் நிறைந்த தெருவில் முதன்முதலாக நடக்கும் ஒரு தத்துப்பிள்ளை, "எல்லாரும் ஒன்றுபோலத் தெரிந்தார்கள்" என்று வெட்கத்தோடு சொல்லும்போது, அது அவருடைய குற்றமல்ல என்று சொல்ல எனக்கு இந்த ஆய்வு பயன்பட்டிருக்கிறது.

ஆகவே அவளுடைய பண்பாடு எது என்று நீங்களோ நானோ தீர்ப்பளிக்க முடியாது. அந்தக் கேள்வியே அவளை ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பிறந்த நாட்டின் பண்பாடு அவளுக்காக ஓர் அறையில் பூட்டிவைக்கப்பட்டிருக்கவில்லை. அவள் இல்லாத பதினெட்டு ஆண்டுகளில் அதுவும் மாறிவிட்டது. நீங்கள் வளர்த்த பண்பாடும் அவள் உடுத்திக் கழற்றும் ஆடை அல்ல. அவள் கனவு காணும் மொழி அதுதான். பிறந்த நாட்டின் மொழியையும் வழக்கங்களையும் பெரியவர்களானபின் கற்றுச் சேர்த்துக்கொள்வதை ஆய்வாளர்கள் ஒரு தனிப்பட்ட வளர்ச்சிப் போக்காகவே படிக்கிறார்கள். அது எங்கே போய் முடியும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. சிலர் அந்த நாட்டிலேயே குடியேறுகிறார்கள். சிலர் மொழியைப் பாதியில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இரண்டு நாடுகளிலும் முழுமையாகப் பொருந்தாமல், தம்மைப் போன்ற மற்றத் தத்துப்பிள்ளைகளிடையேதான் வீட்டில் இருப்பதுபோல் உணர்வதாகச் சொல்பவர்கள் பலர். 1999ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கொரியத் தத்துப்பிள்ளைகள் ஏறக்குறைய நானூறு பேர் முதன்முதலாக ஒன்றுகூடியபோது இந்த மூன்றாவது உறவு வெளிப்படையாகத் தெரிந்தது. உங்கள் மகள் அப்படிப்பட்ட குழு எதையாவது கண்டடைந்தால், அங்கே பெற்றோரைக் குறைசொல்லும் குரல்களும் இருக்கும். அதற்காக அவளைத் தடுக்காதீர்கள். "உன்னைக் காப்பாற்றிய குடும்பத்துக்கு நன்றியோடு இரு" என்று வாழ்நாள் முழுவதும் உறவினரும் அயலாரும் சொல்லக் கேட்டவர்கள், நன்றி சொல்லத் தேவையில்லாத ஓர் இடத்தில் மூச்சு விடுகிறார்கள். பெற்ற பிள்ளையிடம் எவரும் அந்த நன்றியைக் கேட்பதில்லை என்பதை நீங்களே உறவினரிடம் சொல்லத் தொடங்கலாம். அது உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் எடுபடும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை என் பதில் ஒரே சொல்: கொடுத்துவிடுங்கள். பிரதியை அல்ல, மூலத்தையே. பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை தன் அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையை ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கை ஏற்கிறது. நாடு கடந்த தத்தெடுப்புக்கான 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, குழந்தையின் பூர்வீகம், பெற்றோர் யார் என்பது, மருத்துவ வரலாறு ஆகிய தகவல்களை அரசுகள் பாதுகாக்க வேண்டும் என்கிறது. அவற்றைப் பார்க்கும் உரிமையை மட்டும் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டுவிடுகிறது. நடைமுறை நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுவது இதனால்தான். ஸ்காட்லாந்தில் வளர்ந்த தத்துப்பிள்ளைகள் 1930ஆம் ஆண்டிலிருந்தே தம் மூலப் பிறப்புச் சான்றைக் கேட்டுப் பெறலாம். அமெரிக்காவின் சில மாநிலங்களில் இன்னும் நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள்: தாளில் இருப்பதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. நெதர்லாந்து அரசு நியமித்த குழு ஒன்று பங்களாதேஷ், பிரேசில், கொலம்பியா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளை ஆராய்ந்து, ஆவணப் புரட்டும் குழந்தை வணிகமும் பரவலாக நடந்ததாக 2021ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன்னிடம் வந்த 367 முறையீடுகளில் முதற்கட்டமாக 56 பேரை மனித உரிமை மீறலுக்கு ஆளானவர்களாக 2025ஆம் ஆண்டு மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. பெற்றோர் உயிரோடு இருந்த குழந்தைகளை அநாதைகள் என்று பதிந்ததும், ஒரு குழந்தையின் அடையாளத்தை இன்னொன்றுக்கு மாற்றியதும் அது கண்டவற்றில் அடங்கும். உங்கள் மகளின் கோப்பில் இப்படி ஏதேனும் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "கைவிடப்பட்ட குழந்தை" என்ற ஒரு வரியை வைத்து அவள் பெற்ற தாயைப் பற்றி முடிவு கட்ட வேண்டாம். நீங்களும் அப்படி முடிவு கட்டி அவளிடம் சொல்லியிருந்தால், அதைத் திருத்திச் சொல்லுங்கள்.

மரபணுப் பரிசோதனையைப் பற்றிச் சுருக்கமாக. உறவைக் கண்டறிவதில் அது நம்பகமானது: பெற்றவரோடு பாதியும், ஒரு பெற்றோரை மட்டும் பகிர்ந்த உடன்பிறப்போடு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கும், சித்தப்பா அல்லது மாமாவின் பிள்ளையோடு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கும் ஒத்திருக்கும். ஆனால் அந்த உறவினர் அதே நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருந்தால்தான் பொருத்தம் கிடைக்கும். பிறந்த நாட்டில் இப்பரிசோதனை பரவலாக இல்லையென்றால் தொலைதூர உறவுகள் மட்டுமே வரக்கூடும். "இந்த இனம் இத்தனை விழுக்காடு" என்ற வரைபடம் ஒப்பீட்டுக் குழுவைப் பொறுத்த மதிப்பீடு. நிறுவனம் தன் தரவைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணும் மாறும். அதை அடையாளமாக எடுத்துக்கொண்டவர்கள் எண் மாறியபோது கலங்கியதைக் கண்டிருக்கிறேன். நெருங்கிய உறவு ஒன்று தென்பட்டால், அன்றிரவே செய்தி அனுப்பாமல் சில நாள் பொறுத்து, அனுபவமுள்ள ஓர் இடையாளர் வழியாக அணுகுவது நல்லது. பெற்ற தாய் இன்றைய தன் குடும்பத்தில் இதை யாருக்கும் சொல்லாமல் இருக்கலாம். அவள் பக்கத்து அச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. உங்களுக்கு இந்த நேரத்தில் அது அவ்வளவாக இல்லை, உங்கள் வாயில் அது தடையாகவே ஒலிக்கும்.

பயணத்துக்கு முன் குடியுரிமைத் தாள்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் தத்துப்பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை தந்தாலும், அது 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருமுன் 18 வயதைக் கடந்தவர்களை விட்டுவிட்டது. பெற்றோர் மனுச்செய்ய மறந்ததால் நடுவயதில் நாடு கடத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வேறு நாடுகளில் விதிகள் வேறு. உங்கள் மகளின் தாள்களை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நீங்கள் உடன் போகலாமா என்பதை அவளிடம் கேளுங்கள். ஆனால் கேட்பதற்கு முன், உங்கள் உடனிருப்பு அங்கே என்ன மாற்றத்தை உண்டாக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவள் தனியாகத் தெருவில் நடந்தால், வாயைத் திறக்கும்வரை அந்த ஊர்க்காரி. வாழ்வில் முதன்முறையாக யாரும் அவளைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அங்கே போனதாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மணி நேரத்தில் கடைக்காரர் அவளிடம் உள்ளூர் மொழியில் வேகமாகப் பேசுவார், அவள் திணறுவாள், அவர் முகம் சுளிக்கலாம். அந்த வலியும் கூடவே வரும். நீங்கள் அருகில் இருந்தால் இரண்டும் நடக்காது. உங்கள் இருவர் முகத்தையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்த கணத்திலேயே எல்லாருக்கும் கதை விளங்கிவிடும். பேச்சும் உங்களை நோக்கியே வரும். வலியிலிருந்து அவளைக் காப்பீர்கள், ஆனால் அந்த முதல் மணி நேரத்தையும் எடுத்துக்கொள்வீர்கள். சில குடும்பங்கள் ஒரே ஊரில் தனித்தனி விடுதிகளில் தங்கி, பகலை அவளுக்கு விட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் சந்தித்திருக்கின்றன. குழந்தைகள் இல்லத்துக்குப் போகும் நாளில் மட்டும் கூடவே வரச்சொன்ன பிள்ளைகளும் உண்டு. அன்று மட்டும் வரவேண்டாம் என்றவர்களும் உண்டு. உங்கள் மகள் இதில் எந்த வகை என்பதை அவளுமே போன பிறகுதான் அறிவாள். ஆகவே உங்கள் பயணச்சீட்டை மாற்றிக்கொள்ளக் கூடியதாக எடுங்கள்.